பழகுநர்

பதினோரு வருடம்
மணி அடிப்பதற்கு முன்பான வகுப்பறையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.
எட்டுத் தட்டுகள். தட்டுக்கொரு பன்சன் அடுப்பு,
காப்பர் சல்பேட் நாலு கிராம், கண்ணாடிக் கோல்.
பாதுகாப்புக் கண்ணாடி முப்பது,
அதில் இரண்டின் பட்டை எப்போதும் அறுந்திருக்கும்.
மணி அடித்ததும்
தள்ளுவண்டியோடு பின்கதவு வழியே வெளியேறுவேன்.
சூட்டில் நீலம் ஏன் வெளுக்கிறது என்று சொல்ல
வேறொருவர் முன்கதவு வழியே வருவார்.

லீட்ஸில் வாங்கிய வேதியியல் பட்டம்
மேசை இழுப்பறையில், ஸ்டேப்ளர் ஊசிகளுக்கு அடியில்.
யாரும் ஒளித்துவைக்கச் சொல்லவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.

மூன்றாவது விளம்பரத்துக்கும் ஆள் வராத ஒரு மார்ச் மாதம்
தலைமையாசிரியை மிஸஸ் ஓல்ட்ராய்ட்
என் அறைக்கு வந்து, அமிலக் குப்பிகளுக்கு நடுவே நின்று,
"ஹேசல், உனக்கு டிகிரி இருக்கிறதாமே" என்றாள்,
வெளியே மழை பெய்கிறதாமே என்கிற தொனியில்.

சம்பளத்தோடு ஒரு வருடம்.
நான்கு நாள் வகுப்பு, வெள்ளிக்கிழமை கார்லைலில் படிப்பு.
பதவியின் பெயர்: பழகுநர்.
நாற்பத்து நாலு வயதில்,
எந்தக் குழாய் எந்தப் பக்கம் ஒழுகும் என்று
இருட்டிலும் தெரிந்த கட்டடத்தில்,
பழகுநர்.

என் மகன் ரோவனும் பழகுநர்தான், வெல்டிங்கில்.
வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு வொர்க்கிங்டன் ஸ்டேஷனில்
அவன் தெற்கே போகும் நடைமேடை, நான் வடக்கே.
நடுவில் தண்டவாளம், உப்புக் காற்று.
"ஹோம்வொர்க் முடிச்சியாம்மா?"
அவன் கத்த, இரண்டு நடைமேடையும் சிரிக்கும்.
அவனுடைய பயம் புரை விழுந்த பற்றவைப்பு.
என்னுடையது எட்டாம் வகுப்பு, வியாழன், கடைசிப் பீரியட்.

பின்வரிசையில் என் வழிகாட்டி கேலம் ராத்தால்.
இருபத்தேழு வயது, மடியில் படிவம்.
பதினாறு வயதில் பீக்கரை உடைத்துவிட்டு
என்னிடம்தான் மன்னிப்புக் கேட்க வந்தான்.
படிவத்தில் இப்போது எழுதித் தருகிறான்:
பலகையைப் பார்த்தே பேசுகிறீர்கள்.
கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே.
மூன்று விநாடி காத்திருங்கள்.

மூன்று விநாடி.
முப்பது பேர் முன்னால் அது எவ்வளவு நீளம் என்று
எந்த நிறுத்துக் கடிகாரமும் என்னிடம் சொன்னதில்லை.
இத்தனைக்கும் அத்தனைக்கும் பேட்டரி மாற்றியவள் நான்.

நவம்பரில் ஒருநாள் காத்தேன்.
ஒன்று.
இரண்டு.
ஒரு கடற்காகம் கூரையில் நடப்பது கேட்டது.
இரண்டே முக்காலில்
செப்டம்பரிலிருந்து வாய் திறக்காத டெமி ஸ்கெல்ட்டன்
"தண்ணி ஊத்தினா திரும்ப நீலமாகுமா, மிஸ்?" என்றாள்.

மிஸ்.
தட்டுக் கழுவியபோதும் அதே மிஸ்தான்.
இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப்
பள்ளிக்குள் நடமாடும் எல்லாப் பெண்ணும் மிஸ்.
நான்தான் பதினோரு வருடம்
பின்னால் வேறு யாரோ நிற்பதுபோலத்
திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ஜூலையில் சான்றிதழ்.
கேலம் கைகுலுக்கினான். வியர்த்திருந்தது, அவனுக்கும்.

என் பழைய அறையில் இப்போது அக்னியெஷ்கா.
அவளுக்குச் சீட்டு எழுதுகிறேன்:
புதன், மூன்றாம் பீரியட், சுடர்ச் சோதனை, எட்டுத் தட்டு. நன்றி.
'நன்றி' போட்ட சீட்டு எனக்கு எத்தனை வந்தது என்று
எண்ணிப் பார்த்தேன்.
எண்ண அதிக நேரம் ஆகவில்லை.

பாடம் முடிந்ததும் கை தானாகக் குழாயடிக்குப் போகிறது.
நாலாவது சோதனைக்குழாயைக் கழுவும்போது
வாசலில் தள்ளுவண்டி.
"அதைக் கீழே வை, ஹேசல். அது என் வேலை."

வைத்தேன்.
ஈரக் கையோடு நின்றேன்,
துடைக்கிற துணியை அவள்
எங்கே மாற்றி வைத்திருக்கிறாள் என்று தெரியாமல்.